மாத்திரைக்கு முன்பே வந்த துணை

எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்பவர்களின் சங்கங்கள் தமிழ்நாட்டில் இலவச மருந்து கிடைப்பதற்கு முன்பே உருவானவை. இந்தியாவின் முதல் தொற்றுகளை 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி செல்லப்பன் நிர்மலாவும் கண்டறிந்தார்கள். அடுத்த பத்தாண்டுகளில் நோய் முற்றியவர்களுக்குப் படுக்கை தரப் பல மருத்துவமனைகள் மறுத்தன. காசநோயாளிகளுக்காக 1928-இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து தொடங்கிய தாம்பரம் சானடோரியம் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. எச்.ஐ.வி. உள்ளவர்களை அதிகம் கொல்வது காசநோய்தான் என்பதால் அது பொருத்தமான இடமும்கூட.

ஆங்கில மருந்து ஏழைகளுக்கு எட்டாத காலம் அது. தாம்பரத்தில் ரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் லேகியம் ஆகிய சித்த மருந்துகள் தரப்பட்டன. பசி எடுக்கிறது, உடம்பு தேறுகிறது என்றார்கள் சாப்பிட்டவர்கள். கிருமியை அடக்கும் என்பதற்கு முறையான சோதனைச் சான்று இல்லை என்றார்கள் எதிர்த்தவர்கள். இரண்டு பக்கமும் டாக்டர்கள் இருந்ததால் நோயாளி தவித்தார். அதே நோயை அனுபவித்த இன்னொருவரின் பேச்சு அந்த நேரத்தில் பெரிய பலம்.

அந்தப் பலத்தைத்தான் 1997-இல் சென்னையில் உருவான, தொற்றோடு வாழ்பவர்களின் ஐ.என்.பி. பிளஸ் அமைப்பும், மறு ஆண்டு கௌசல்யா பெரியசாமியும் சில பெண்களும் தொடங்கிய பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்கும் திரட்டின. கணவர் மூலம் தொற்று வந்து, அவர் இறந்ததும் புகுந்த வீட்டில் சொத்தும் மறுக்கப்பட்ட பெண்களுக்கு டாக்டரைவிட முதலில் தேவைப்பட்டது, கூட வந்து நிற்க ஓர் ஆள்.

2004 ஏப்ரல் 1 அன்று கிருமியை அடக்கும் கூட்டு மருந்தை அரசு இலவசமாகத் தரத் தொடங்கிய எட்டு மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. சொந்த ஊரில் தெரிந்தவர் பார்த்துவிடுவார்களோ என்று பயந்து வெகுதூரத்திலிருந்து வந்தவர்கள் அங்கே உண்டு. ஆனால் மாத்திரை கையில் கிடைப்பதோடு சிகிச்சை முடிவதில்லை. வேளை தவறினால் கிருமி மருந்துக்கு மசியாமல் போகும். முதல் வாரங்களில் குமட்டலும் தோல் தடிப்பும் வந்து பலரை நிறுத்திவிடத் தூண்டும். தடிப்பு லேசாக இருந்தால் பயப்பட வேண்டாம், காய்ச்சலோடு வாய்ப்புண்ணும் வந்தால் உடனே ஓடி வர வேண்டும் என்பதையும், வீட்டாருக்குத் தெரியாமல் டப்பாவை எங்கே வைப்பது, கல்யாண வீட்டில் ராத்திரி வேளையை எப்படிச் சமாளிப்பது என்பதையும் சொல்லித் தந்தவர்கள் தாங்களே அதை விழுங்கிப் பழகியவர்கள்.

2017 முதல் தொற்று உறுதியானவுடன் எல்லோருக்கும் மருந்து உண்டு. அதே ஆண்டு நிறைவேறி 2018-இல் அமலான எச்.ஐ.வி. சட்டம், வேலையிலும் மருத்துவமனையிலும் பாகுபாட்டைத் தடை செய்கிறது. சம்மதமில்லாமல் ஒருவரின் நிலையை வெளியே சொல்வதையும் தடுக்கிறது. மாத்திரையை நடுவில் விட்டவர்களைத் தேடிப் பிடிப்பதும், அந்தச் சட்டத்தைக் காட்டி உரிமை கேட்கக் கூடப் போவதும் இப்போது சங்கத்துக்காரர்களின் வேலை.