ஸ்மார்ட் மீட்டருக்குள் இருக்கும் சுவிட்ச் யார் கையில்?

ஸ்மார்ட் மீட்டர்களுக்கு, மின் பகிர்மானத்தைச் சீரமைக்கும் மத்திய அரசின் ஆர்.டி.எஸ்.எஸ். திட்டம் வைத்த கெடு 2025-26 நிதியாண்டு. ஸ்மார்ட் மீட்டர் பேச்சு எழுந்ததிலிருந்து காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீடுகளிலிருந்து வரும் கடிதங்களில் ஒரே கேள்வி: "ஆள் வராமலே கரண்டை நிறுத்திவிடுவார்களாமே, நிஜமா?"

நிஜம்தான். ஸ்மார்ட் மீட்டரை யூனிட்டை அளக்கும் கருவி என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதி உள்ளே இருக்கும் ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். இணைப்பைத் துண்டிக்கவும் திரும்பக் கொடுக்கவும் மீட்டருக்குள்ளேயே சுவிட்ச் வேண்டும் என்கிறது ஸ்மார்ட் மீட்டருக்கான ஐ.எஸ். 16444 என்ற இந்தியத் தரநிர்ணயம்.

ஸ்டெபிலைசரில் 'டக்'கென்று கேட்பதும் ரிலேதான். ஆனால் ரகம் வேறு. அதில் சுருளில் மின்சாரம் ஓடும்வரைதான் தகடு இழுபட்டு நிற்கும். நின்றால் ஸ்பிரிங் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். மீட்டரில் இருப்பது 'லாட்சிங்' ரிலே. அதற்குள் நிரந்தரக் காந்தம் உண்டு. கண் இமைப்பதற்குள் முடியும் ஒரு மின்துடிப்பு போதும். தகடு மறுபக்கம் புரளும், காந்தம் அங்கேயே பிடித்துக்கொள்ளும். பிறகு மின்சாரமே தேவையில்லை. எதிர்த்திசைத் துடிப்பு வந்தால்தான் திரும்பும். வீட்டு மின்சாரம் முழுவதையும் சுமக்கும் வெள்ளிக் கலவை முனைகளை இவ்வளவு சிறு துடிப்பால் ஆட்டிவைப்பது அருமையான வேலைப்பாடு.

கவலை தருவதும் அதேதான். முன்பு ஊழியர் வந்து ஃபியூஸ் கேரியரைப் பிடுங்க வேண்டும். வாசலிலேயே ரசீதைக் காட்டலாம், இரண்டு நாள் அவகாசம் கேட்கலாம். இப்போது கட்டளை கணினியிலிருந்து வருகிறது. தவறான கட்டளைக்கும் ரிலே அதே வேகத்தில் திறக்கும், திறந்தபடியே நிற்கும். கைத்தறிக்கு மோட்டார் இல்லைதான். ஆனால் கோர்வைச் சேலையில் கரை இழையும் உடல் இழையும் கோத்துக்கொள்ளும் இடத்தை விளக்கில்லாமல் பார்க்க முடியாது. தறி நின்றால் அன்றைய கூலி போச்சு.

தவறு நேராது என்ற உறுதிமொழியை நம்பி இருக்க வேண்டாம். மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 56-இன்படி, பாக்கிக்காகத் துண்டிக்க 15 முழு நாட்களுக்குக் குறையாத எழுத்துமூல அறிவிப்பு வேண்டும். ரிலே வந்ததால் அந்தப் பிரிவு மாறிவிடவில்லை.

மற்ற கேள்விகள்:

ரிலே மின்சாரம் தின்னுமா? புரளும் அந்த நொடியில் மட்டும்.

கைத்தறிக்கு உள்ள 300 யூனிட் இலவசம் போய்விடுமா? அது அரசின் முடிவு, ரிலேக்குத் தொடர்பில்லை.

லோடு கூடினால்? அதற்கும் திறக்கும்படி அமைக்க முடியும்.

வெளியே காந்தம் வைத்தால்? மீட்டர் பதிவு செய்துவிடும்; வழக்கு வரும்.

அறிவிப்பு இல்லாமல் இணைப்பு போனால் தொலைபேசியோடு நிறுத்தாதீர்கள். உங்கள் மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள்.