கண்ணாடி வைத்த கேமராவுக்குக் கண் பழக

சின்ன மிர்ரர்லெஸ் கேமராவில் சில வருடம் படம் எடுத்துப் பழகியிருக்கிறீர்கள். இப்போது செகண்ட் ஹேண்டில் ஒரு ஃபுல்ஃபிரேம் டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) வாங்கி, மாக் மண்டினில் உள்ள வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். தைப்பூசத்துக்கு இன்னும் சில வாரம்தான். ஆனால் முதல் நாள் எடுத்த படங்கள் பழைய கேமராவில் வந்ததைவிட மோசமாக இருக்கின்றன. பயப்பட வேண்டாம். கேமரா பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். உங்கள் கண்தான் இன்னும் பழைய கேமராவின் பழக்கத்தில் இருக்கிறது.

ஃபுல்ஃபிரேம் என்றால் என்ன? சென்சாரின் (ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லு) அளவைக் குறிக்கும் சொல் அது. அகலம் 36 மில்லிமீட்டர், உயரம் 24. பழைய பிலிம் சுருளில் ஒரு படம் பிடித்த இடமும் இதே அளவுதான். சின்ன கேமராக்கள் பலவற்றில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார் ஏறக்குறைய 23.5க்கு 15.6. பரப்பில் கணக்குப் பார்த்தால் ஃபுல்ஃபிரேம் இரண்டு மடங்குக்கும் மேல்.

அப்படியானால் மிர்ரர்லெஸ்ஸில் ஃபுல்ஃபிரேம் கிடையாதா? உண்டு. சோனி 2013இலேயே ஏ7 கேமராவைக் கொண்டுவந்தது. ஃபுல்ஃபிரேம் என்பது சென்சாரின் அளவு. மிர்ரர்லெஸ் என்பது உள்ளே கண்ணாடி இல்லை என்பது. இரண்டும் வேறு வேறு விஷயம். நீங்கள் ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றியிருக்கிறீர்கள். அதனால்தான் இந்தத் தடுமாற்றம்.

படம் ஏன் இருட்டாகவோ வெளிறியோ வருகிறது? முக்கியமான இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம். பழைய கேமராவில் கண்ணை வைத்தபோது நீங்கள் பார்த்தது ஒரு குட்டித் திரை. வரப்போகும் படத்தை அது முன்கூட்டியே காட்டியது. இருட்டாகத் தெரிந்தால் சக்கரத்தைத் திருப்பிச் சரிசெய்தீர்கள். டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் வழியே வரும் ஒளி கண்ணாடியில் பட்டு, மேலே உள்ள பட்டகத்தின் வழியாக நேரே உங்கள் கண்ணுக்கு வருகிறது. நீங்கள் பார்ப்பது தெருவை, படத்தை அல்ல. அளவுகளை எவ்வளவு தப்பாக வைத்தாலும் கண்ணுக்குத் தெரு அழகாகவே தெரியும்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் காலை, லெபோ பினாங் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படுவதை நினைத்துக்கொள்ளுங்கள். காலை வெயில் வெள்ளியில் பட்டு மின்னும். கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக எண்ணித்தான் கணக்குப் போடும். ரதம் படத்தை நிறைத்து நின்றால், வெளிச்சம் அதிகம் என்று முடிவுகட்டிப் படத்தை இருட்டாக்கிவிடும். அங்கே காம்பன்சேஷனை (கேமரா கணித்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) ஒரு படி கூட்ட வேண்டும். இரவில் கற்பூர வெளிச்சத்தில் ஒரு முகம், சுற்றிலும் இருட்டு என்றால் நேர்மாறு. ஒரு படி குறையுங்கள். முதல் இரண்டு படம் எடுத்ததும் பின்திரையில் ஹிஸ்டோகிராமைப் (வெளிச்சம் எவ்வளவு பரவியிருக்கிறது என்று காட்டும் வரைபடம்) பாருங்கள். மேடு வலது ஓரத்தில் போய் முட்டினால், வெள்ளியின் வேலைப்பாடு வெளுத்துப் போகிறது என்று பொருள்.

இதற்குப் பயிற்சி உண்டா? உண்டு. பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் போய்வரும்போது எதிரே கடல், உள்ளே நிழல், பக்கத்தில் முகங்கள். ஒவ்வொன்றையும் எடுக்கும் முன் ‘கூட்டணுமா, குறைக்கணுமா’ என்று மனசுக்குள் சொல்லிவிட்டு எடுங்கள். பிறகு திரையைப் பாருங்கள். இரண்டு வாரத்தில் கை தானாகப் போகும்.

மூக்குத்தி தெளிவாக இருக்கிறது, கண் மங்கலாக இருக்கிறதே? இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். பெரிய சென்சாரில் அதே காட்சியை அதே துளையளவில் (லென்ஸுக்குள் ஒளி நுழையும் வாய்) எடுத்தால் தெளிவாக விழும் பகுதி மெலிதாகிவிடும். எஃப் 1.8இல் மணப்பெண்ணை நெருங்கி எடுத்தால் ஒரு கண்தான் தெளிவாக வரும். 2.8 அல்லது 4க்குப் போங்கள். குடும்பம் இரண்டு வரிசையாக நின்றால் 8 வையுங்கள்.

இரண்டாவது காரணம் கேமராவுக்குள் இருக்கிறது. டிஎஸ்எல்ஆரில் குவியத்தை (படம் தெளிவாக விழும் தூரம்) அளப்பது கண்ணாடிக்குக் கீழே உள்ள தனி உறுப்பு. அதற்கும் சென்சாருக்கும் இம்மி பிசகினாலும் தெளிவு முன்னேயோ பின்னேயோ தள்ளி விழும். மேசையில் மூன்று தீப்பெட்டிகளைச் சாய்வாக வரிசை வைத்து, நடுப்பெட்டியில் குவியம் வைத்து எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் முன்பெட்டியே தெளிவாக வந்தால், மெனுவில் குவியத்தைச் சரிசெய்யும் பகுதி இருக்கிறதா என்று தேடுங்கள். இதைச் செய்யாமல் லென்ஸை விற்றுவிடாதீர்கள்.

பழைய லென்ஸ் பொருந்துமா? பொருந்தாது. டிஎஸ்எல்ஆரில் கண்ணாடிக்கு இடம் விட வேண்டியிருப்பதால் லென்ஸ் சென்சாரிலிருந்து தள்ளி நிற்கிறது: கேனான் இஎஃப் வகையில் 44 மில்லிமீட்டர், நிக்கான் எஃப் வகையில் 46.5. சோனி மிர்ரர்லெஸ்ஸில் வெறும் 18. லென்ஸுக்குத் தனியாகப் பணம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும். அதோடு, ஏபிஎஸ்-சியில் 50 மில்லிமீட்டர் லென்ஸ் 75 போலக் கிட்டே இழுத்துக் காட்டியது. இங்கே 50 என்றால் 50தான். நீங்கள்தான் இரண்டு அடி முன்னே போக வேண்டும்.

இவ்வளவு சிரமத்துக்கு என்ன லாபம்? விடியற்கால வெளிச்சத்தில் புள்ளி குறைந்த படம். திரையை ஓட்ட வேண்டியதில்லை என்பதால் பேட்டரி நீண்ட நேரம் நிற்கும்: முதல் சோனி ஏ7க்குச் சொல்லப்பட்ட அளவு 340 படம், நிக்கான் டி850க்கு 1,840. காவடிகளோடு நடந்து தண்ணீர்மலை வரை போகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனால் டி850 பேட்டரியோடு ஒரு கிலோ; கழுத்தில் தொங்கவிடாமல் தோளில் குறுக்காக மாட்டுங்கள்.

நம் ஊர் ஈரக் காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். டிரை பாக்ஸில் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். தைப்பூசத்தன்று ஏர்கோன் அறையிலிருந்து கேமராவை அப்படியே வெளியே எடுத்தால் லென்ஸில் ஆவி படியும். பையை மூடியபடியே அரை மணி நேரம் முன்னதாக வாசலில் வைத்துவிடுங்கள். அந்தப் பையில் பழைய மிர்ரர்லெஸ்ஸும் இருக்கட்டும். பூசை நடக்கும் இடத்தில் சத்தமில்லாமல் எடுக்க அதுதான் தோது.