பூசணிப் பிஞ்சு ஏன் வெம்புகிறது?

மயிலாப்பூரில் அறுபத்து மூவர் முடிந்தால் கோடை வந்துவிட்டது என்று கணக்கு. மாட வீதிகளில் நீர்மோர்ப் பந்தல் பிரித்த கையோடு வெயில் ஏறத் தொடங்கும். தையிலும் மாசியிலும் விதை ஊன்றிய மாடித் தோட்டங்களில் பூசணியும் பாகலும் பீர்க்கும் கொடியோடிப் பூக்கும் நாட்கள் இவை. வீட்டுக்கு வீடு ஒரே புகார் கேட்பதும் இப்போதுதான். பூ நிறைய வருகிறது, பிஞ்சும் தெரிகிறது, நாலாம் நாள் மஞ்சளித்து வெம்பி விழுந்துவிடுகிறது.

உடனே உரத்தின் மேல்தான் சந்தேகம் வரும். மண்புழு உரம் ஒரு கை கூடுதலாகப் போடுவார்கள், மீன் அமிலம் தெளிப்பார்கள், வேப்பெண்ணெயும் அடிப்பார்கள். பிஞ்சு விழுவது நிற்காது. செடிக்குச் சோறு போதாமல் இல்லை. பூவைத் தேடி விருந்தாளி வரவில்லை. பல மாடிகளில் காரணம் இதுதான்.

பூசணிக் குடும்பத்துக் கொடிகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள். அவை உதிர்வது இயல்பு. பகல் நீண்டு வெப்பம் கூடினால் ஆண் பூக்களே அதிகம் வரும். பெண் பூவைக் கண்டுபிடிப்பது எளிது. இதழுக்குக் கீழே கோலிக்குண்டு அளவில் ஒரு குட்டிப் பூசணி உட்கார்ந்திருக்கும். ஆண் பூவின் மகரந்தம் அந்தப் பூவின் நடுவில் ஒட்டினால்தான் பிஞ்சு பருக்கும். அரைகுறையாக ஒட்டினால் ஒருபக்கம் பெருத்து ஒருபக்கம் சூம்பிய காய் வரும்.

தேனீ வராத மாடியில் அந்த வேலையைக் கையால் செய்துகொள்ளலாம். பல வீடுகளில் இது பாட்டியும் பேரப்பிள்ளையும் சேர்ந்து செய்யும் காலை வேலை. காலை ஆறரை மணிக்கு மாடிக்குப் போக வேண்டும். பூசணிப் பூ விடியலில் விரிந்து, பத்து மணி வெயிலுக்குள் சுருங்கிவிடும். ஆண் பூ ஒன்றைக் காம்போடு கிள்ளி, இதழ்களை உரித்துப் போட்டால் நடுவில் மஞ்சள் தூள் அப்பிய தண்டு மட்டும் நிற்கும். அதைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகச் சுற்றித் தடவ வேண்டும். விரல் நுனியில் மஞ்சள் ஒட்டிக்கொள்ளும். ஒரு வாரத்தில் பிஞ்சு எலுமிச்சை அளவைத் தாண்டினால் பேரன் கீழே ஓடிவந்து எல்லோரிடமும் சொல்வான்.

எல்லாக் கொடிக்கும் காலை நேரம் பொருந்தாது. பீர்க்கம்பூ சாயங்காலம்தான் விரியும். சுரையின் வெள்ளைப் பூவும் புடலையின் நூல் நூலான பூவும் இரவுப் பூக்கள், அந்துப்பூச்சிகளுக்காக மலர்பவை. காலையில் போய் அவற்றைத் தடவிப் பயனில்லை.

தக்காளி, கத்தரியின் கதை வேறு. அவற்றில் ஒரே பூவுக்குள் ஆணும் பெண்ணும் உண்டு. ஆனால் மகரந்தம் உப்புக் குப்பிக்குள் இருப்பதுபோல அடைபட்டிருக்கும். குலுக்கினால்தான் நுனித் துளை வழியாகக் கொட்டும். சாதாரணத் தேனீக்கு அந்தக் குலுக்கல் தெரியாது. வயிற்றில் நீலக் கோடு போட்ட தனித் தேனீயும், ஜன்னல் சட்டத்தையும் மூங்கிலையும் துளைத்துக் குடியிருக்கும் கருவண்டும் பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கின்றன. மரத்தைக் கெடுக்கிறது என்று கருவண்டை அடித்துப்போடுகிற வீடுகளே அதிகம். பழைய மூங்கில் துண்டுகள் நாலைந்தைக் கட்டி மாடி ஓரத்தில் தொங்கவிட்டால் அது அங்கே குடிபோக வாய்ப்புண்டு.

சென்னையின் மாடிகளில் தோட்டம் பெருக ஒரு காரணம், 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் தோட்டக்கலைத் துறை தொடங்கிய ‘நீங்களே செய்து பாருங்கள்’ திட்டம். பை, தென்னை நார்க்கழிவு, விதை, உயிர் உரம் எல்லாம் மானிய விலையில் கிடைத்தன. நாற்று வாங்கக் கதீட்ரல் சாலையில், 1835இல் தொடங்கப்பட்ட வேளாண் தோட்டக்கலைச் சங்கம் இருந்தது. பையும் விதையும் வந்துவிட்டன. தேனீயைத்தான் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

அடையாறு மாடிகள் இதில் கொடுத்துவைத்தவை. பிரம்மஞான சபையின் தோப்பும் கிண்டி தேசியப் பூங்காவும் பக்கத்தில் இருக்கின்றன; தேனீ ஒரு கிலோமீட்டர் தாராளமாகப் பறந்து வரும். அடுக்குமாடிகள் நெருங்கிய தி.நகரில் தேனீக்களுக்கு மிஞ்சியிருப்பது தெரு ஓரத்துப் புங்கையும் வேம்பும்தான். பங்குனி, சித்திரையில் இரண்டும் பூத்துக் கொட்டும். வருடப் பிறப்புப் பச்சடிக்கு வேப்பம்பூ பொறுக்கப் போகிறவர்கள் மரத்தடியில் கொஞ்சம் நின்று கேட்டால், தலைக்கு மேலே அந்த ரீங்காரம் கேட்கும்.

தேனீயை வீட்டிலேயே வளர்க்க முடியாதா? முடியும். தமிழ்நாட்டுக்கு இது புதிதும் இல்லை. சித்த மருத்துவம் சொல்லும் தேன் வகைகளில் ‘மனைத்தேன்’ என்றே ஒன்று உண்டு. 1911-17 காலத்தில் பாதிரியார் நியூட்டன் நம் இந்தியத் தேனீயின் அளவுக்கென்றே ஒரு பெட்டி வடிவமைத்தார். இன்றும் அதற்கு நியூட்டன் பெட்டி என்றுதான் பெயர். 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. மூலம் தேனீ வளர்ப்பைக் குடிசைத் தொழிலாக்கினார். 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. அதையும் தாண்டி மீண்டு வந்த தொழில் இது. மார்த்தாண்டம் தேன் 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது.

ஆனால் நெருக்கமான நகரத்து மாடியில் இந்தியத் தேனீப் பெட்டியை எடுத்தவுடனே வைப்பது சரியில்லை. அது கொட்டும், அக்கம்பக்கத்தாரின் சம்மதம் வேண்டும். சென்னை வெயில் இன்னொரு சோதனை. 2003 மே மாதக் கடைசியில் இங்கே 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. தேனீக் குஞ்சுகளுக்கு வேண்டியதோ 34, 35 டிகிரிதான். பணித் தேனீக்கள் தண்ணீர் சுமந்து வந்து கூட்டுக்குள் தெளித்து, வாசலில் நின்று சிறகால் விசிறிக் கூட்டைக் குளிரவைக்கின்றன. கொதிக்கும் சிமெண்ட் தரையில் பெட்டியை வைத்தால் தாங்காமல் கூட்டத்தோடு பறந்துவிடும்.

வீட்டுக்கு ஏற்றது கொசுத்தேனீ. கொட்டாது. உடம்பு நாலு மில்லிமீட்டர்தான். எறும்புக்குச் சிறகு முளைத்ததுபோல இருக்கும். வருடத்துக்குச் சில நூறு கிராம் தேன் தரும். லேசான புளிப்போடு இருக்கும் அந்தத் தேனுக்கு மருந்து மதிப்பு உண்டு என்று கேரளத்திலும் குமரியிலும் தனியாக விலைபோகிறது. தோட்டத்துக்கு அது செய்யும் வேலையோ தேனைவிடப் பெரிது. மரப்பெட்டி, மண்கலயம், மூங்கில் எதிலும் குடியிருக்கும். நிழல்வலைக்கு அடியில் காலை வெயில் மட்டும் படும் இடம், எறும்பு ஏறாமல் தாங்கிக் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம், இவ்வளவு போதும். கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தேனீ வளர்ப்புப் பயிற்சி நடத்துகிறது.

வாங்கக்கூட வேண்டியதில்லை. மயிலாப்பூர்ப் பழைய வீடுகளின் மதில் விரிசலிலும் மின்மீட்டர் பெட்டியிலும் ஏற்கெனவே கொசுத்தேனீ குடியிருக்கலாம். சுவரிலிருந்து சுண்டுவிரல் பருமனில், கறுத்த பிசினால் செய்த சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தால், அதுதான் அதன் வாசல். உற்றுப் பார்த்தால் காவலுக்கு நாலைந்து தலைகள் தெரியும்.

கோடையில் வெள்ளையடிக்க ஆள் வருவதற்கு முன் சுவரை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அந்தக் குழாயைச் சுற்றி ஒரு சாண் விட்டு அடிக்கச் சொல்லுங்கள். மருந்து தெளிப்பதானால், பூசணிப் பூ சுருங்கிய பிறகு சாயங்காலத்தில் தெளியுங்கள். ஆழமில்லாத மண்தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வையுங்கள். அடுக்குமாடிச் சன்ஷேடில் மலைத்தேனீ கூடு கட்டினால் தீப்பந்தம் கொண்டு கொளுத்தாதீர்கள். பூக்காலம் முடிந்தால் அது தானே இடம்பெயரும், அவசரமென்றால் விவரம் தெரிந்த தேனீ வளர்ப்பவரை அழையுங்கள். மே 20 உலகத் தேனீ நாள். கத்திரி வெயில் கொளுத்தும் அந்த வாரத்தில்தான் தண்ணீர்த் தட்டு அவற்றுக்கு அதிகம் தேவைப்படும்.