ஐக்கிய அமெரிக்காவின் தொழிலாளர் திறன் மேம்பாட்டுக் கொள்கை

ஐக்கிய அமெரிக்காவின் தொழிலாளர் திறன் மேம்பாட்டுக் கொள்கை என்பது வேலையற்றோர், ஆட்குறைப்பில் வேலை இழந்தோர், குறைந்த வருவாயினர், படிப்பை இடையில் விட்ட இளைஞர் ஆகியோருக்குப் பயிற்சியும் வேலை தேடும் உதவியும் அளிப்பதற்காக அந்நாட்டின் கூட்டாட்சி அரசு இயற்றும் சட்டங்களையும் ஒதுக்கும் நிதியையும் குறிக்கும். இதன் பெரும்பகுதியைக் கூட்டாட்சித் தொழிலாளர் துறை மேற்பார்வையிடுகிறது. நிதி வாசிங்டனில் இருந்து வந்தாலும், பணிகளை மாநிலங்களும் உள்ளூர் வாரியங்களுமே நடத்துகின்றன. இதற்கு அடிப்படையான 2014 ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிதி அங்கீகாரக் காலம் 2020 நிதியாண்டோடு முடிந்துவிட்டது. அதன் பின்னர் இத்திட்டங்கள் காங்கிரசு ஆண்டுதோறும் வழங்கும் ஒதுக்கீட்டைக் கொண்டே இயங்கி வருகின்றன.

வரலாறு

பெருமந்தக் காலத்தில், 1933 இல் இயற்றப்பட்ட வாக்னர்-பெய்சர் சட்டம் நாடு தழுவிய பொது வேலைவாய்ப்பு அலுவலகங்களுக்கு வழிவகுத்தது. 1937 இல் தேசிய தொழில் பழகுநர் சட்டம் வந்தது. இயந்திரமயமாக்கலால் வேலை இழப்போர் பற்றிய கவலை எழுந்தபோது, 1962 இல் மனிதவள மேம்பாட்டு, பயிற்சிச் சட்டம் இயற்றப்பட்டது. லிண்டன் ஜான்சனின் வறுமை ஒழிப்புத் திட்டங்களின் பகுதியாக 1964 இல் ஜாப் கோர் தொடங்கப்பட்டது. இது 16 முதல் 24 வயது வரையுள்ள வறிய இளைஞர்களுக்குத் தங்குமிடத்துடன் தொழிற்பயிற்சி அளிக்கும் திட்டமாகும்.

1973 இல் ரிச்சர்ட் நிக்சன் கையொப்பமிட்ட விரிவான வேலைவாய்ப்பு, பயிற்சிச் சட்டம் அதிகாரத்தை மாநில, உள்ளூர் அரசுகளுக்கு மாற்றியது. அரசு அலுவலகங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் தற்காலிக வேலை அளிக்க இச்சட்டத்தின் நிதி பயன்பட்டது. 1978 அளவில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இத்தகைய வேலைகளில் இருந்தனர். முறைகேடு பற்றிய குற்றச்சாட்டுகளால் இத்திட்டம் மக்கள் ஆதரவை இழந்தது. ரொனால்ட் ரேகன் ஆட்சியில் 1982 இல் அதற்கு மாற்றாக வந்த பயிற்சிக் கூட்டாண்மைச் சட்டம் அரசு வேலை அளிப்பதைக் கைவிட்டு, பயிற்சியில் மட்டும் கவனம் செலுத்தியது. தனியார் நிறுவனத்தினர் பெரும்பான்மையாக உள்ள உள்ளூர்க் குழுக்களுக்கும் முதன்மை கொடுத்தது. குடியரசுக் கட்சியின் டான் குவேலும் சனநாயகக் கட்சியின் எட்வர்ட் கென்னடியும் இதைச் சேர்ந்து முன்னெடுத்தனர்.

1998 இல் பில் கிளின்டன் காலத்தில் வந்த தொழிலாளர் முதலீட்டுச் சட்டம் பல சேவைகளையும் ஒரே மையத்தில் பெறும் முறையை ஏற்படுத்தியது. அதன் அங்கீகாரக் காலம் 2003 இல் முடிந்த பிறகும், புதிய சட்டம் வரும்வரை 11 ஆண்டுகள் அது ஆண்டு ஒதுக்கீட்டிலேயே நீடித்தது.

2014 ஆம் ஆண்டுச் சட்டம்

தொழிலாளர் புத்தாக்க, வாய்ப்புச் சட்டம் செனட்டில் 95-3, பிரதிநிதிகள் அவையில் 415-6 என்ற வாக்குகளில் நிறைவேறியது. 2014 ஜூலை 22 அன்று பராக் ஒபாமா அதில் கையொப்பமிட்டார். இச்சட்டம் நான்கு முதன்மைப் பகுதிகளைக் கொண்டது:

1. முதியோர் (18 வயதைக் கடந்தோர்), வேலை இழந்தோர், இளைஞர் ஆகிய மூன்று பிரிவினருக்கான பயிற்சி நிதி. ஜாப் கோர் போன்ற தேசியத் திட்டங்கள்
2. வயதுவந்தோர் கல்வியும் எழுத்தறிவும்
3. வாக்னர்-பெய்சர் வேலைவாய்ப்புச் சேவை
4. மாற்றுத்திறனாளிகளுக்கான தொழில்சார் மறுவாழ்வு

ஒவ்வொரு உள்ளூர்ப் பகுதியிலும் ஒரு வாரியம் உண்டு. அதன் உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் தொழில் நிறுவனங்களைச் சேர்ந்தவர்களாகவும், குறைந்தது 20 விழுக்காட்டினர் தொழிலாளர் தரப்பினராகவும் இருக்க வேண்டும். பயிற்சி பெறுவோருக்குத் தனிநபர் பயிற்சிக் கணக்கு வழியாகக் கட்டணம் செலுத்தப்படுகிறது. மாநிலம் ஏற்பளித்த பட்டியலில் உள்ள கல்லூரியையோ பயிற்சி நிறுவனத்தையோ அவர்கள் தேர்ந்தெடுக்கலாம்.

நிதிப் பகிர்வு

2024 நிதியாண்டில் மாநிலங்களுக்குப் பகிரப்பட்ட தொகை முதியோர் பிரிவுக்கு ஏறத்தாழ 88.6 கோடி டாலர், இளைஞர் பிரிவுக்கு 94.8 கோடி டாலர், வேலை இழந்தோர் பிரிவுக்கு 109.6 கோடி டாலர் ஆகும். ஜாப் கோருக்குத் தனியாக ஏறத்தாழ 176 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. நாட்டின் மொத்த உற்பத்தியோடு ஒப்பிடும்போது, வேலைவாய்ப்பு உதவிக்கும் பயிற்சிக்கும் அமெரிக்கா செலவிடுவது பொருளாதாரக் கூட்டுறவு, வளர்ச்சி அமைப்பின் உறுப்பு நாடுகளின் சராசரியை விட மிகக் குறைவு.

முதியோர் பிரிவின் நிதி மூன்று சம பாகங்களாகப் பிரிக்கப்படுகிறது. முதல் பாகம் வேலையின்மை 6.5 விழுக்காடு அல்லது அதற்கு மேல் உள்ள பகுதிகளின் வேலையற்றோர் எண்ணிக்கையைப் பொறுத்தது. இரண்டாவது 4.5 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வேலையின்மையையும், மூன்றாவது வறியோர் எண்ணிக்கையையும் பொறுத்தவை. நாடெங்கும் வேலையின்மை குறைவாக இருக்கும் காலங்களில் 6.5 விழுக்காட்டைத் தொடும் பகுதிகள் சிலவே எஞ்சும். அப்போது சிறு மாற்றம்கூட மாநிலங்களின் பங்கைப் பெரிதும் மாற்றிவிடும். இதைத் தணிக்க, எந்த மாநிலத்தின் பங்கும் முந்தைய ஆண்டுப் பங்கின் 90 விழுக்காட்டுக்குக் கீழே போகாதவாறு விதி உள்ளது. ஆயினும் இவ்விதி பங்கின் விகிதத்தையே காக்கிறது. மொத்த நிதி குறைந்தால் தொகையும் குறையும். மேலும், கணக்கீடு கடந்த காலத் தரவுகளைக் கொண்டது என்பதால், ஓர் ஆலை மூடப்படும் ஆண்டில் அப்பகுதியின் நிதி உடனே உயர்வதில்லை. இத்தகைய திடீர் ஆட்குறைப்புகளுக்காக, வேலை இழந்தோர் நிதியில் 25 விழுக்காடு வரை மாநிலங்கள் ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம்.

அங்கீகாரமும் ஒதுக்கீடும்

அமெரிக்க முறையில் ஒரு திட்டத்தை அங்கீகரிப்பதும் அதற்குப் பணம் ஒதுக்குவதும் தனித்தனிச் செயல்கள். அங்கீகாரக் காலம் முடிந்தாலும் காங்கிரசு பணம் ஒதுக்கினால் திட்டம் தொடரும். ஆனால் சட்டத்திலேயே முடிவு நாள் குறிக்கப்பட்டிருந்தால் அவ்வாறு தொடர இயலாது. இறக்குமதிப் போட்டியால் வேலை இழந்தோருக்காக 1962 இல் தொடங்கிய வணிகச் சீரமைவு உதவித் திட்டம் இதற்கு எடுத்துக்காட்டாகும். காங்கிரசு அதை நீட்டிக்காததால் 2022 ஜூலை 1 முதல் புதிய விண்ணப்பங்களுக்குச் சான்றளிப்பது நின்றுபோனது.

2014 சட்டத்தைப் புதுப்பிக்கும் சட்டவரைவு 2024 ஏப்ரலில் பிரதிநிதிகள் அவையில் 378-26 என நிறைவேறியது. இரு அவைத் தலைவர்களும் ஒத்துக்கொண்ட அதன் திருத்த வடிவம் அவ்வாண்டு டிசம்பரில் இடைக்கால நிதிச் சட்டவரைவில் சேர்க்கப்பட்டது. எலான் மஸ்க்கும் டோனால்ட் டிரம்ப்பும் அந்தப் பெரிய சட்டவரைவை எதிர்த்ததை அடுத்து அது சுருக்கப்பட்டது. பயிற்சிச் சட்டப் பகுதியும் அத்துடன் நீக்கப்பட்டது. பயிற்சித் திட்டத்தை எவரும் தனியே எதிர்த்து வாக்களித்து இது நிகழவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

அரசியல் மாற்றங்களின் தாக்கம்

2009 ஆம் ஆண்டுப் பொருளாதார மீட்புச் சட்டம் பயிற்சி, வேலைவாய்ப்புச் சேவைகளுக்கு 395 கோடி டாலரைக் கூடுதலாக வழங்கியது. இரண்டே ஆண்டுகளில், 2011 பிப்ரவரியில், குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை கொண்ட பிரதிநிதிகள் அவை இப்பயிற்சி நிதியை ஏறத்தாழ முழுவதும் நீக்கும் சட்டவரைவை நிறைவேற்றியது. செனட் அதை ஏற்கவில்லை. டிரம்ப்பின் முதல் ஆட்சியில் முன்மொழியப்பட்ட ஏறத்தாழ 40 விழுக்காட்டுக் குறைப்பையும் காங்கிரசு ஏற்கவில்லை.

2025 இல் டிரம்ப் அரசு பல பயிற்சித் திட்டங்களை "அமெரிக்காவை மீண்டும் திறன்மிக்கதாக்குவோம்" என்ற பெயரில் ஒரே மானியமாக இணைக்கவும், அதில் குறைந்தது 10 விழுக்காட்டைத் தொழில் பழகுநர் பயிற்சிக்குச் செலவிடவும் முன்மொழிந்தது. இணைக்கப்படும் திட்டங்களின் மொத்த நிதியில் 164 கோடி டாலர் குறைப்பும் இதில் அடங்கும். மாநிலங்களுக்கு நெகிழ்வும் குறைந்த நிர்வாகச் செலவும் கிடைக்கும் என்பது ஆதரவாளர்களின் வாதம். தனித்தனியே பாதுகாக்கப்பட்ட இளைஞர், வேலை இழந்தோர் நிதிகள் ஒன்றோடொன்று போட்டியிட நேரும் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம்.

அதே ஆண்டு மே 29 அன்று, ஒப்பந்த நிறுவனங்கள் நடத்தும் ஜாப் கோர் மையங்களின் பணியை ஜூன் 30க்குள் இடைநிறுத்தப் போவதாகத் தொழிலாளர் துறை அறிவித்தது. அதிகச் செலவையும் குறைந்த தேர்ச்சி விகிதத்தையும் அது காரணம் காட்டியது. அங்குப் பயின்றவர்களில் வீடற்ற இளைஞர்களும் இருந்தனர். அவர்களுக்கு மையம் மூடப்படுவது வகுப்போடு தங்குமிடத்தையும் இழப்பதாகும். கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று ஜூன் மாதத்தில் இந்த இடைநிறுத்தத்துக்குத் தடை விதித்தது.

உள்ளூர் விளைவுகள்

பயிற்சித் திட்ட ஆண்டு ஜூலை 1 இல் தொடங்குகிறது. முதியோர், வேலை இழந்தோர் பிரிவுகளின் நிதியில் பெரும்பகுதி அக்டோபர் 1க்குப் பிறகே கிடைக்கும். ஒதுக்கீடு தாமதமானால், வாரியங்கள் கையிலுள்ள தொகையை நீட்டிப் பயன்படுத்த வேண்டியுள்ளது. ஏற்கனவே சேர்ந்தவர்களின் கட்டணத்துக்கு முதலிடம் அளித்து, செவிலி உதவியாளர், பற்றவைப்பு, சரக்குந்து ஓட்டுநர் போன்ற பயிற்சிகளில் புதிய சேர்க்கையைக் குறைப்பது வழக்கமான வழிகளில் ஒன்று. ஈராண்டுப் படிப்புக்கு ஒருவரைச் சேர்க்கும்போது இரண்டாம் ஆண்டு நிதி எவ்வளவு என்பது தெரியாததால், குறுகிய காலப் பயிற்சிகளே எளிதில் தேர்வாகின்றன.

மதிப்பீடு

1982 சட்டத்தின் பயிற்சிகள் பற்றிய தேசிய ஆய்வு, வயதுவந்தோர் வருவாயில் மிதமான உயர்வையும், பள்ளியில் இல்லாத இளைஞர் வருவாயில் பயனின்மையையும் கண்டது. இதையடுத்து 1990களின் நடுவில் இளைஞர் நிதி பெரிதும் வெட்டப்பட்டது. மாறாக, உள்ளூர் நிறுவனங்களின் தேவையை அறிந்து குறிப்பிட்ட துறைக்கு நீண்டகாலப் பயிற்சி தரும் திட்டங்கள் நல்ல பயன் அளித்துள்ளன. 1992 இல் டெக்சாசின் சான் அன்டோனியோவில் தொடங்கிய புராஜெக்ட் குவெஸ்ட் இவற்றுள் ஒன்று. இவ்வகைத் திட்டங்களுக்கு ஆள் ஒருவருக்கான செலவும் கால அளவும் கூடுதல். ஆண்டு ஒதுக்கீட்டு முறையில் நடத்தக் கடினமானவையும் இவையே.

குறுகிய காலப் பயிற்சிக்கான பெல் உதவித்தொகை

2025 ஜூலை 4 அன்று கையொப்பமான வரி, செலவினச் சட்டம், 8 முதல் 15 வாரங்கள் வரையிலான பயிற்சிகளுக்கும் பெல் கல்வி உதவித்தொகையை 2026 ஜூலை 1 முதல் நீட்டித்தது. பயிற்சியை முடிப்போர் விகிதமும் வேலை பெறுவோர் விகிதமும் குறைந்தது 70 விழுக்காடாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இந்த உதவித்தொகை படிப்புச் செலவுக்கானது. வேலை தேட வழிகாட்டுதல், ஆட்குறைப்புக்கு உள்ளான ஆலைகளில் உடனடி உதவி ஆகிய பணிகள் 2014 சட்டத்தின் கீழேயே தொடர்கின்றன.