இறக்கினால்தான் ஏறும்

குடும்ப வண்டியை நெடும்பயண வண்டியாக மாற்ற நினைப்பவர்களுக்கு, மணலில் புதைந்து எழுந்த ஒருவனின் கணக்கு.

தூத்துக்குடி மாவட்டத்தில், தேரிக்காட்டு ஓரத்து மணல் தடம் ஒன்றில் எங்கள் வண்டி அச்சு வரைக்கும் புதைந்து நின்றது. பள்ளிக்கூடத்துக்கும் கல்யாண வீடுகளுக்கும் ஏழு வருடம் ஓடிய வண்டி. ஃபோர் வீல் டிரைவ் என்று பின்கதவில் எழுதியிருக்கிறது. கூரையில் கேரியர், அதன்மேல் நீளமான எல்இடி விளக்கு, கதவில் மலைச்சிகர ஸ்டிக்கர் எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரங்கள் தம் குழியைத் தாமே தோண்டிக்கொண்டன.

பனங்காட்டுப் பக்கமிருந்து டிராக்டரில் வந்தவர் இறங்கி, டயரை ஒரு தட்டுத் தட்டினார். “என்ன அண்ணாச்சி, கல்லு மாதிரி வச்சிருக்கிய. காத்த எறக்குங்க, தன்னால ஏறும்.”

நான்கு டயர்களிலும் 33 பிஎஸ்ஐ இருந்த காற்றை 18 ஆக்கினோம். சக்கரத்துக்கு முன்னால் இருந்த மணலைக் கையால் ஒதுக்கினோம். லோ கியரில் போட்டு மெல்ல விட்டதும் வண்டி வெளியே வந்து நின்றது. செலவு ஒரு பைசா இல்லை. அதுவரை நான் வண்டிமேல் ஏற்றிக்கொண்டேதான் இருந்தேன். இறக்கக் கற்றுக்கொடுத்தது அந்த டிராக்டர்க்காரர்.

எந்த வண்டி?

இந்தியாவில் எஸ்யூவி என்ற பெயரில் விற்பவற்றில் பெரும்பாலானவை இரண்டு சக்கரங்கள் மட்டும் இழுக்கும் வண்டிகள். ஒரே மாடலில் 4x2, 4x4 இரண்டும் வரும். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. 4x2 வண்டியை 4x4 ஆக்க முயல்வதைவிட அதை விற்றுவிட்டு வேறு வாங்குவது மலிவு.

நான்கு சக்கரமும் இழுத்தால் மட்டும் போதாது. டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ ரேஷியோ வேண்டும். அதில் போட்டால் சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை ஏறக்குறைய இரண்டரை மடங்காகிறது, வேகம் அந்த அளவுக்குக் குறைகிறது. பாறைமேல் நடை வேகத்தில் ஏறவும், பிரேக்கைத் தொடாமல் செங்குத்துச் சரிவில் இறங்கவும் அதுதான் உதவும். அடுத்து, வண்டியின் உடம்பு தனியாக ஒரு லேடர் ஃபிரேமின்மேல் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கார்பியோ, தார், ஃபார்ச்சூனர் எல்லாம் அந்த ரகம். பள்ளத்திலும் மேட்டிலும் முறுக்கிப் பிழியும் பாதையை அது பல வருடம் தாங்கும்.

டயர்தான் முதல் செலவு

காற்றைக் குறைத்தால் டயர் தரையில் படியும் பரப்பு நீளவாக்கில் கூடும். சேற்று வயலில் பலகை போட்டு நடப்பது போலத்தான்: அதே எடை அதிக இடத்தில் பரவுவதால் மணல் தாங்குகிறது. சரளைச் சாலையில் 25 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் உள்ளே இருப்பவர்களின் எலும்பும் பிழைக்கும், டயரும் பிழைக்கும். ஆனால் 15-க்குக் கீழே போனால் டயர் ரிம்மை விட்டுக் கழலும் ஆபத்து உண்டு. இறக்கிய காற்றோடு தார்ச்சாலையில் வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடிக்கலாம். எனவே பேட்டரியில் ஓடும் நல்ல கம்ப்ரஸர் ஒன்று அவசியம். காற்றை இறக்கும் உரிமை, திரும்ப ஏற்றத் தெரிந்தவருக்குத்தான்.

டயர் வாங்கும்போது முரட்டுப் பூ கொண்ட மட் டெரெய்ன் டயரைப் பார்த்து மயங்க வேண்டாம். அது நெடுஞ்சாலையில் இரைச்சல் போடும். ஈரத் தார்ச்சாலையில் பிடிமானம் குறையும். குடும்ப வண்டி நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நாள் தார்ச்சாலையில்தான் ஓடப்போகிறது. அதற்கு ஆல் டெரெய்ன் டயர் போதும். உயரமான பக்கச்சுவர் உள்ள டயர்தான் கல்லில் பிழைக்கும். அதே வண்டியின் கீழ்நிலை மாடலுக்குக் கம்பெனியே சின்ன ரிம்மும் உயரமான டயரும் கொடுத்திருந்தால் யோசிக்காமல் அதைத் தேர்ந்தெடுங்கள்.

எடை மேடை சொன்ன உண்மை

லடாக் போக முடிவானதும் கோவையில் ஒரு மெக்கானிக்கிடம் போய், ஸ்பிரிங்கை உயர்த்தித் தரச் சொன்னேன். அவர் வண்டியைத் தொடவே இல்லை. “ஏனுங்க, ஊருக்குக் கொண்டுபோற சாமானெல்லாம் ஏத்திக்கிட்டு, வீட்டு ஆளுங்களையும் கூட்டிக்கிட்டு எடை மேடைக்குப் போயிட்டு வாங்க. சீட்டப் பாத்துட்டு ஸ்பிரிங் பேசலாமுங்க” என்றார்.

எங்கள் வண்டியின் வெற்று எடை 2,100 கிலோ. அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2,700. ஆக, கையில் இருப்பது 600 கிலோ. நான் போட்டிருந்த பட்டியல் இது: நான்கு பேர் 260 கிலோ, கூரைக் கூடாரம் 60, ஃபிரிட்ஜும் இரண்டாவது பேட்டரியும் 50, தண்ணீர் 40 லிட்டர், 40 கிலோ, இரண்டு கேன் டீசல் 34, இரும்பு பம்பரும் வின்ச்சும் 100, இரண்டாவது ஸ்டெப்னி 30, கருவிகள் 40, சாப்பாடு, துணி, படுக்கை, அடுப்பு 80. கூட்டினால் 694. வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே 94 கிலோ அதிகம்.

அதிக எடை ஏறிய வண்டியில் பிரேக் பிடிக்கும் தூரம் நீளும். ஷாக் அப்சார்பர் சூடேறிச் செயலிழக்கும். பின் ஸ்பிரிங் முறியும். கூரையில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் வண்டியின் ஈர்ப்பு மையத்தை உயர்த்தி, சாய்வான பாதையில் கவிழ வழிசெய்யும். பல வண்டிகளின் கூரைக்கு 100 கிலோவுக்குள்தான் அனுமதி.

பேனாவை எடுத்து அடிக்க ஆரம்பித்தேன். கூரைக் கூடாரத்துக்குப் பதில் தரையில் விரிக்கும் கூடாரம், 12 கிலோ. ஃபிரிட்ஜுக்குப் பதில் ஐஸ் பெட்டி, 8 கிலோ. மணாலி - லே சாலையில் தாண்டி என்ற ஊரின் பங்க்கில் ‘அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்’ என்ற பலகை புகழ்பெற்றது. ஆனால் 60 லிட்டர் டேங்க் உள்ள வண்டி, லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுத்தாலும் 600 கிலோமீட்டர் ஓடும். ஒரு கேன் போதும். இரண்டாவது ஸ்டெப்னிக்குப் பதில் பஞ்சர் கிட். பம்பரும் வின்ச்சும் வேண்டாம். புதுக் கூட்டுத்தொகை 457. மெக்கானிக் சீட்டைப் பார்த்துவிட்டு, “ஸ்பிரிங்கே வேண்டாமுங்க. ஷாக் மட்டும் புதுசு போட்டுக்கலாம்” என்றார்.

சட்டம் என்ன சொல்கிறது?

பட்டியலிலிருந்து பம்பரை அடித்ததற்கு எடை மட்டும் காரணமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதற்கு முன்பே 2017 டிசம்பரில், முன்புறம் பொருத்தும் கம்பிகள்மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. அந்தக் கம்பி பாதசாரியின் காலை முறிக்கும். மோதலின்போது ஏர்பேக் சரியான நேரத்தில் விரியாமலும் செய்யக்கூடும்.

ஆஸ்திரேலியாவில் இது வேறு உலகம். பிராடோ, பேட்ரோல் போன்ற குடும்ப வண்டிகளிலேயே, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணல் முகடுகள் வரிசைகட்டி நிற்கும் சிம்ப்சன் பாலைவனத்தைக் கடக்கிறார்கள். முகட்டுக்கு அந்தப் பக்கமிருந்து வருபவருக்குத் தெரிவதற்காக வண்டியில் உயரக் கொடி கட்டியாக வேண்டும். ஸ்பிரிங்கை மாற்றி, சான்று பெற்று, மொத்த எடை வரம்பைச் சட்டப்படி உயர்த்திக்கொள்ளவும் அங்கே வழி இருக்கிறது. அந்த நாட்டு வீடியோக்களைப் பார்த்து இங்கே அப்படியே செய்தால் ஆர்டிஓவுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் பதில் சொல்ல வேண்டிவரும்.

அடியில் ஒரு கவசம், உள்ளே ஒரு பை

வெளியே தெரியாத இடத்தில் செலவழியுங்கள். இன்ஜின் ஆயில் சம்ப்பை ஒரு கல் உடைத்தால் பயணம் அங்கேயே முடியும். அதற்கு ஸ்கிட் பிளேட். மீட்புப் பையில் மண்வெட்டி, சக்கரத்துக்கு அடியில் தள்ளும் இரண்டு பிடிமானப் பலகைகள், இழுபடும் கைனெட்டிக் கயிறு, ஷேக்கிள், தோல் கையுறை இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை: டிரெய்லர் கோக்கும் உருண்டைக் கொக்கியில் கயிற்றை மாட்டி, புதைந்த வண்டியை இழுக்காதீர்கள். உருண்டை முறிந்தால் பீரங்கிக் குண்டாகப் பறக்கும், உயிர்கள் போயிருக்கின்றன. எடை தாங்கும் அளவு குறிக்கப்பட்ட மீட்புக் கொக்கியில் மட்டுமே மாட்ட வேண்டும். இழுக்கும்போது குழந்தைகள் கயிற்றின் நீளத்தைவிடத் தள்ளி நிற்கட்டும்.

தண்ணீரும் குளிரும்

2015-லும் 2023-லும் வெள்ளத்தில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து பார்த்த சென்னைவாசிகளுக்கு இந்தப் பாடம் மனப்பாடம். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். மலை ஓடையிலும் அதே கதை. லடாக்கிலும் ஸ்பிட்டியிலும் ‘பாகல் நாலா’, அதாவது பைத்தியக்கார ஓடை, என்று பெயர் வாங்கியவை உண்டு. வெயில் ஏற ஏறப் பனி உருகுவதால் காலையில் கணுக்காலளவு ஓடும் நீர் மாலையில் முழங்காலைத் தாண்டும். அங்கே இன்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்றெடுக்கும் ஸ்நார்க்கலைவிட அலாரம் கடிகாரம் பயன்படும்: விடிந்ததும் கடந்துவிடுங்கள்.

லடாக்கின் உம்லிங் லா கணவாய் 19,024 அடி. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். டர்போ இருப்பதால் வண்டி சமாளித்துக்கொள்ளும். நமக்கு டர்போ இல்லை. லேயில் இரண்டு மூன்று நாள் சும்மா இருந்து உடம்பைப் பழக்குவதும் வண்டி தயாரிப்பின் பகுதிதான். குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு வேறு கவலை: சாதாரண டீசல் உறைந்து கெட்டிப்படும் என்பதால், மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் டீசலை இந்தியன் ஆயில் 2019-இல் லடாக்குக்காகக் கொண்டுவந்தது. பிஎஸ்6 டீசல் வண்டிகள் பலவற்றில் புகையைச் சுத்திகரிக்க ஊற்றும் ஆட்ப்ளூ திரவம் மைனஸ் 11-லேயே உறைந்துவிடும்.

மூன்று குவியல்

பயணம் முடிந்து வந்ததும் சாமான் மொத்தத்தையும் வீட்டுக் கூடத்தில் பரப்பினோம். தினமும் எடுத்தவை ஒரு குவியல், ஓரிரு முறை எடுத்தவை ஒன்று, தொடாதவை ஒன்று. தொடாத குவியலிலிருந்து மருந்துப் பெட்டி, தீயணைப்பான், மீட்புப் பை மூன்றையும் வண்டியில் திரும்ப வைத்தோம். மற்றவை பரணுக்குப் போயின. அவற்றோடு கூரையிலிருந்து கழற்றிய எல்இடி விளக்கும் போனது.

இப்போது வண்டி பார்ப்பதற்கு வாங்கிய நாளில் இருந்தது போலவே இருக்கிறது. தெருவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. டேஷ்போர்டில் திருச்செந்தூர் முருகன் படத்துக்குக் கீழே, டயர் காற்று பார்க்கும் மீட்டர் ஒன்று மட்டும் புதிது.