கடிதம் வாங்குமுன் நகையை அடகு வைக்காதீர்கள்

மைசூரில் வீட்டிலேயே ஊதுபத்தி உருட்டிப் பிழைக்கும் பெண்ணுக்கும், ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்கும் தனியார் மருத்துவமனை நீட்டும் பில் ஒன்றுதான். 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்தியாவில் ஒருமுறை தனியாரில் படுத்து எழுந்தால் சராசரிச் செலவு 31,845 ரூபாய்; அரசு மருத்துவமனையில் 4,452. மாதம் லட்ச ரூபாய் வாங்குபவருக்கு அந்த முதல் தொகை பத்து நாள் சம்பளம். பன்னிரண்டாயிரத்தில் ஓடும் குடும்பத்துக்கோ இரண்டரை மாதச் சம்பாத்தியத்துக்கும் மேல். ஐ.டி. ஊழியருக்கு நிறுவனக் காப்பீடு கைகொடுக்கும். ஊதுபத்தி உருட்டுபவருக்கு அடகுக் கடைதான்.

அடகுக் கடைக்குப் போகாமலே தப்ப வழி இருக்கிறது. 2018-இல் வந்த ஆயுஷ்மான் பாரத் - ஆரோக்ய கர்நாடகா திட்டத்தில், வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள (பி.பி.எல்.) ரேஷன் அட்டைக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை இலவசம். அந்தக் கோட்டுக்கு மேலுள்ள (ஏ.பி.எல்.) குடும்பத்துக்கு, நிர்ணயித்த கட்டணத்தில் 30 சதவீதத்தை, ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வரை அரசே ஏற்கும்.

ஏமாறுவது இங்கேதான். முதலில் அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டும்: மைசூரில் பொதுவாக கே.ஆர். ஆஸ்பத்திரி, பிரசவத்துக்கும் குழந்தைகளுக்கும் செலுவாம்பா ஆஸ்பத்திரி. அங்கே அந்தச் சிகிச்சைக்கு வசதி இல்லையென்றால் பரிந்துரைக் கடிதம் தருவார்கள். அதோடு போனால்தான் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையில் இந்தச் சலுகையோடு சிகிச்சை. நேரே தனியாருக்குப் போய், நகையை வைத்துப் பணம் கட்டிவிட்டு, பிறகு அட்டையை நீட்டினால் பயனில்லை. கூலியை விட்டு வரிசையில் நிற்பதும் ஏழைக்குச் செலவுதான், அது எந்த பில்லிலும் ஏறுவதில்லை. இந்த விதி எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனாலும் இன்று நடைமுறை இதுதான். உயிருக்கு ஆபத்தான அவசரம் என்றால் கடிதம் தேவையில்லை. அட்டையையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு உடனே போங்கள்.

இந்தத் திட்டம் தவிர, ஆலைத் தொழிலாளிக்கு 21,000 ரூபாய் வரை சம்பளம் என்றால் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு உண்டு. வீட்டில் ஊதுபத்தி உருட்டும் பெண்களுக்குப் பெரும்பாலும் அதுவும் இல்லை.

கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனச் சட்டம், 2017 திருத்தத்துக்குப் பின், அவசரத்தில் வந்தவரிடம் முன்பணம் கேட்டு நிற்கவைக்கக் கூடாது என்கிறது. பாக்கிக்காக இறந்தவரின் உடலைப் பிடித்து வைக்கவும் கூடாது. கட்டண விவரத்தை நோயாளி பார்க்கும்படி வைத்திருக்க வேண்டும். மீறினால், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குறைதீர் அமைப்பிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். சிகிச்சைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. இனம் பிரித்த பில்லையும் டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும் கேட்டு வாங்காமல் மருத்துவமனையை விட்டு வெளியே வராதீர்கள்.