தலையில் தொடங்கும் அங்கி

ஊசி மருந்து தயாரிக்கும் தூய அறைக்குள் போகிறவர்கள் உச்சி முதல் பாதம் வரை மூடிக்கொள்கிறார்களே, யாரைப் பாதுகாக்க? அவர்களை அல்ல நேயர்களே, மருந்தைத்தான்! நம் தோலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஓயாமல் உதிர்கின்றன, கிருமிகளையும் சுமந்துகொண்டு. கொட்டாஞ்சேனையில் உங்கள் அம்மாவுக்கு ஏற்றும் சேலைன் நேரே இரத்தத்தில் கலப்பது. அதில் ஒரு கிருமிகூட இருக்கக்கூடாது.

அதனால் வெள்ளவத்தை வீட்டில் பூசிய பவுடரும் வைத்த பொட்டும் போட்ட வளையலும் அந்த அறைக்குள் போக முடியாது. முதலில் தலையை மூடவேண்டும். முடியிலிருந்து உதிர்வது சுத்தமான அங்கியில் விழக்கூடாது அல்லவா? பிறகுதான் அங்கி. அதன் கால்பகுதியைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் காலை நுழைப்பார்கள். நுனி தரையில் பட்டுவிட்டதா? கழற்றிவிட்டு, புது அங்கியோடு மறுபடி முதலிலிருந்து!